‘ஒத்துக்கல’ என்று ஒதுக்கும் முன்

அம்மாவுக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கி நான்காவது நாள். காலையில் சமையலறை மேடையில் மருந்துக்கடைக் கவர் பிரிந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். காலை ஒன்று, இரவு ஒன்று என 5 நாளுக்குக் கொடுத்த 10 மாத்திரை அட்டையில் 3 குழிகள் மட்டுமே காலி. கணக்குப்படி அந்நேரத்துக்கு 6 காலியாகியிருக்க வேண்டும்.

“மாத்திரை போட்டியாம்மா?”

“அது எனக்கு ஒத்துக்கலப்பா. போட்டா வயித்தைப் பிரட்டிக்கிட்டு வருது. நிறுத்திட்டேன்.”

எப்படிப் போட்டார் என்று விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. வாய் வலியில் முதல் இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் எழுந்ததும் அரை டம்ளர் காபி. அதோடு ஆன்டிபயாடிக், அதற்குத் துணையாக எழுதிய மெட்ரோனிடசோல், வலி மாத்திரை என்று மூன்றையும் ஒரே மடக்கில் விழுங்கியிருக்கிறார். அரை மணி நேரத்தில் வாயில் நீர் ஊறி, ஓங்கரித்திருக்கிறது.

பல் மருத்துவரைப் போனில் பிடித்துச் சொன்னேன். அவர் மருந்தை மாற்றவில்லை. போடும் முறையை மட்டும் மாற்றினார். குழைவாக இரண்டு இட்லி சாப்பிடச் சொல்லுங்கள், முதல் இரண்டு வாய் உள்ளே போனதும் ஆன்டிபயாடிக், சாப்பிட்டு முடித்ததும் மற்ற இரண்டும், கூடவே ஒரு டம்ளர் தண்ணீர் என்றார். விட்டுப்போன வேளைகளுக்கு என்ன செய்வது என்பதையும் அவரே சொன்னார். அன்று முதல் குமட்டல் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். தாங்கிக்கொள்ளும் அளவுக்குத் தணிந்தது. மருந்தும் முடிந்தது.

‘ஒத்துக்கல’ என்ற அந்த ஒரு சொல்லை நாம் எத்தனை விதமான தொல்லைகளுக்குப் பயன்படுத்துகிறோம் என்று அன்று யோசித்தேன். உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டினாலும் ஒத்துக்கல. வயிற்றைப் பிரட்டினாலும் ஒத்துக்கல. நெஞ்சு எரிந்தாலும், பேதியானாலும் அதே சொல்தான். மருத்துவத்தில் இவை நான்கும் வேறு வேறு. முதலாவது ஒவ்வாமை, அதாவது அலர்ஜி. அது வந்தால் அந்த மருந்தை மறுபடி தொடக்கூடாது. மற்றவை பெரும்பாலும் மருந்தின் பக்கவிளைவுகள். அவற்றுக்கு வழி உண்டு. இரண்டையும் ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிடுவதால் தேவையான மருந்து பாதியில் நிற்கிறது. அடுத்த முறை மருத்துவர் கேட்கும்போது “பென்சிலின் அலர்ஜி” என்று சீட்டில் ஏறியும் விடுகிறது.

இது நம் ஊர்க் குழப்பம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் சுமார் 10 சதவீதம் பேர் தங்களுக்குப் பென்சிலின் அலர்ஜி என்று சொல்கிறார்கள். முறையாகச் சோதித்துப் பார்த்தால் அவர்களில் 10இல் 9 பேருக்கு அந்த அலர்ஜி இல்லை. என்றோ வந்த குமட்டலும் வயிற்றுக் கோளாறும் அலர்ஜி என்ற பெயரில் ஆயுள் முழுக்கக் கூடவே வருகின்றன. அப்படிப் பெயர் விழுந்தவருக்கு அடுத்த தொற்றின்போது எளிய பென்சிலினை விட்டுவிட்டு வீரியம் கூடிய, விலை கூடிய வேறு மருந்தைத் தேட வேண்டியிருக்கிறது.

குமட்டல் எங்கே பிறக்கிறது?

வயிற்றைப் பிரட்டுகிறது என்கிறோம். ஆனால் குமட்டல் என்ற உணர்வை உண்டாக்குவது மூளை. வயிறு செய்தி அனுப்பும் இடம்.

குடலின் உட்சுவரில் சில காவல் செல்கள் இருக்கின்றன. உடலில் உள்ள செரோடோனின் என்ற வேதிப்பொருளில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. அதில் பெரும்பங்கு இந்தச் செல்களிடம். உள்ளே வந்த பொருள் எரிச்சலூட்டினால் இவை செரோடோனினை வெளியே விடும். பக்கத்தில் ஓடும் வேகஸ் நரம்பு அதை உணர்ந்து மூளைத்தண்டுக்குத் தகவல் சொல்லும். வாயில் நீர் ஊறுவது, முகம் வெளுப்பது, வியர்ப்பது, ஓங்கரிப்பது எல்லாம் அங்கிருந்து வரும் கட்டளைகள்.

இரண்டாவது வழி இரத்தம். மூளைக்குள் கண்ட பொருளும் நுழைந்துவிடாமல் இரத்தக் குழாய்களைச் சுற்றி ஒரு தடுப்பு உண்டு. மூளைத்தண்டில் ஒரு சிறு இடத்தில் மட்டும் அந்தத் தடுப்பு தளர்ந்திருக்கிறது. இரத்தத்தில் நஞ்சு ஏதும் கலந்திருக்கிறதா என்று சுவைத்துப் பார்ப்பதுதான் அந்த இடத்தின் வேலை. குடலைக் கடந்து இரத்தத்தில் ஏறிய மருந்தையும் அது நஞ்சாக எடுத்துக்கொள்ளலாம். ஊசி வழியாகப் போட்ட ஆன்டிபயாடிக் சிலருக்குக் குமட்டுவது இதனால்தான்.

மூன்றாவது, நினைவு. ஒரு முறை குமட்டிய மாத்திரையை அடுத்த வேளை கையில் எடுத்தவுடனேயே, அதன் மணம் மூக்கில் ஏறியவுடனேயே வயிறு புரளும். நோயாளி நடிப்பதாக வீட்டில் நினைப்பார்கள். அது நடிப்பல்ல. கெட்டுப்போன உணவை மறுபடி தின்னாமல் நம் முன்னோரைக் காத்த அதே நினைவாற்றல்தான் இங்கேயும் வேலை செய்கிறது.

இத்துடன் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நோயே குமட்டும். டைபாய்டு, சிறுநீரகத் தொற்று, மஞ்சள் காமாலை எல்லாவற்றிலும் குமட்டல் உண்டு. மாத்திரை தொடங்கும் முன்பே குமட்டல் இருந்ததா, தொடங்கிய பிறகு வந்ததா என்று பார்க்காமல் பழியை மாத்திரைமேல் போட்டுவிடக் கூடாது.

பிலிப்பைன்ஸ் மண்ணில் கிடைத்த பாடம்

எல்லா ஆன்டிபயாடிக்கும் ஒரே விதமாகக் குமட்டுவதில்லை. இதை விளங்கிக்கொள்ள எரித்ரோமைசின் கதையைவிட நல்ல சான்று இல்லை.

1949இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் இலோய்லோ பகுதியில் எடுத்த மண்ணை, அபெலார்டோ அகிலார் என்ற மருத்துவர், தான் வேலை பார்த்த எலி லில்லி நிறுவனத்துக்கு அனுப்பினார். அந்த மண்ணில் வாழ்ந்த ஒரு பாக்டீரியாவிடமிருந்து பிரித்தெடுத்ததுதான் எரித்ரோமைசின். 1952இல் அது விற்பனைக்கு வந்தது. பென்சிலின் சேராதவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் தொடக்கத்திலிருந்தே ஒரு குறை: வயிற்றைப் பிசைந்து குமட்டும்.

காரணம் பின்னால்தான் தெரிந்தது. நம் சிறுகுடல் மோட்டிலின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. உணவு செரித்து வயிறு காலியானபின், ஏறக்குறைய ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரைப்பையிலிருந்து குடல்வரை ஒரு பெரிய சுருக்க அலை ஓடும். மிச்சம் மீதியைப் பெருக்கித் தள்ளும் அலை அது. பசி நேரத்தில் வயிறு ‘கடமுட’ என்று சத்தம் போடுவதில் அதற்கும் பங்கு உண்டு. அந்த அலையைக் கிளப்பிவிடுவது மோட்டிலின். எரித்ரோமைசின் மூலக்கூறு, மோட்டிலின் போய் உட்காரும் அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கிருமியைக் கொல்லப் போன மருந்து, போகிற வழியில் வயிற்றின் துடைப்பத்தையும் ஆட்டிவிட்டுப் போகிறது.

இதைக் கண்டுகொண்ட மருத்துவர்கள் அந்தக் குறையையே மருந்தாக்கினார்கள். நீண்டகாலச் சர்க்கரை நோயில் சிலருக்கு இரைப்பையின் நரம்புகள் தளர்ந்து, உண்ட உணவு கீழே இறங்காமல் தேங்கி நிற்கும். அவர்களுக்கு எரித்ரோமைசின் கொடுத்தால் இரைப்பை வேகமாகக் காலியாகிறது என்று 1990இல் ஆய்வு முடிவு வந்தது. இன்றும் அதற்காக அதைப் பயன்படுத்துகிறார்கள்.

அதே குடும்பத்தில் பிறகு வந்தவை கிளாரித்ரோமைசினும், நாம் ‘3 நாள் மாத்திரை’ என்று சொல்லும் அசித்ரோமைசினும். இவை வயிற்று அமிலத்தில் எளிதில் சிதைவதில்லை. வயிற்றைப் படுத்துவதும் எரித்ரோமைசினைவிடக் குறைவு. ஆக, எரித்ரோமைசின் குமட்டியது என்பதற்காக அந்தக் குடும்பம் முழுவதும் நமக்கு ஆகாது என்று முடிவுகட்டத் தேவையில்லை. அதைச் சொன்னால் மருத்துவரே வேறொன்றைத் தேர்ந்தெடுப்பார்.

625இன் கணக்கு

அம்மா நிறுத்திய மாத்திரைக்கு வருவோம். தமிழ்நாட்டில் ‘625’ என்று சொன்னால் மருந்துக்கடையில் வேறு விளக்கமே கேட்க மாட்டார்கள். அந்த எண் இரண்டு மருந்துகளின் கூட்டல்: அமாக்சிசிலின் 500 மில்லிகிராம், கிளாவுலானிக் அமிலம் 125 மில்லிகிராம்.

கிருமியைக் கொல்வது அமாக்சிசிலின். பல கிருமிகள் அதை உடைக்கும் நொதி ஒன்றை உருவாக்கி வைத்திருக்கின்றன. கிளாவுலானிக் அமிலம் அந்த நொதியின் வாயை அடைத்துவிடும் மெய்க்காவலன். குமட்டலுக்கும் பேதிக்கும் பெரும்பாலும் இந்த மெய்க்காவலன்தான் காரணம். அது குடலின் அசைவைக் கூட்டிவிடுகிறது. அதனால்தான் இந்த மாத்திரையைச் சாப்பாடு தொடங்கும்போதே போடச் சொல்கிறார்கள். உணவோடு கலந்து போகும்போது வயிற்றுத் தொல்லை குறைகிறது, கிளாவுலானிக் அமிலமும் நன்றாக உறிஞ்சப்படுகிறது. ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று கவரில் எழுதியிருப்பதை, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. இந்த மருந்துக்கு அது பொருந்தாது.

இதே மருந்தில் 375 என்றும் ஒன்று உண்டு. அதில் அமாக்சிசிலின் 250, கிளாவுலானிக் அமிலம் அதே 125. வீட்டில் மிச்சமிருக்கும் 375 இரண்டைச் சேர்த்துப் போட்டால் ஒரு 625 ஆகிவிடும் என்று நினைத்தால் தவறு. அமாக்சிசிலின் 500 சரியாக வரும், கிளாவுலானிக் அமிலம் இரட்டிப்பாகி 250 ஆகிவிடும். குமட்டலும் அதற்கேற்பக் கூடும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி

அம்மா அதோடு போட்ட மெட்ரோனிடசோலின் குணம் வேறு. அது இரத்தத்திலிருந்து உமிழ்நீரில் கசிகிறது. நாள் முழுக்க வாயில் செம்புக் காசு வைத்திருப்பதுபோல் ஒரு சுவை நிற்பது அதனால்தான். எத்தனை முறை வாய் கொப்பளித்தாலும் சிறிது நேரத்தில் மறுபடி ஊறும். பயப்பட ஒன்றுமில்லை, மருந்து முடிந்தால் போய்விடும். உணவோடு போட வேண்டும். இந்த மருந்தை எடுக்கும் நாட்களிலும், முடித்த பிறகு 3 நாள்வரையும் மது அறவே கூடாது என்பது எச்சரிக்கை. சேர்ந்தால் கடும் வாந்தியும் படபடப்பும் வரலாம். சில இருமல் மருந்துகளிலும் ஆல்கஹால் உண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

உண்ணிக்காய்ச்சல் என்று சொல்லும் ஸ்க்ரப் டைபஸுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் தரும் டாக்சிசைக்ளின், நம் ஊரில் உயிர் காக்கும் மருந்து. இதன் தொல்லை பெரும்பாலும் உணவுக்குழாயில் தொடங்குகிறது. ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால், மாத்திரை பாதி வழியில் ஒட்டிக்கொண்டு கரையும். அதன் அமிலத்தன்மை அந்த இடத்தைப் புண்ணாக்கும். நெஞ்சில் ஏதோ குத்துவது போன்ற வலியும் குமட்டலும் அதிலிருந்து வரும். மாற்று மிக எளிது: உணவோடு, ஒரு முழு டம்ளர் தண்ணீரில் போட்டு, குறைந்தது அரை மணி நேரம் உட்கார்ந்தோ நடந்தோ இருக்க வேண்டும். இரவு மாத்திரையைத் தூங்கப் போகும் நேரத்தில் போடாமல், இரவு உணவோடு முடித்துவிடுவது நல்லது.

சிப்ரோஃப்ளாக்சசின் எடுப்பவர்கள் காபியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கல்லீரலில் காஃபீனை உடைத்து வெளியேற்றும் நொதியை இந்த மருந்து தடுக்கிறது. வழக்கமான இரண்டு டம்ளர் காபியே நான்கு டம்ளர் குடித்ததுபோல் உடலில் தங்கிவிடும். படபடப்பு, தூக்கமின்மை, குமட்டல் எல்லாம் வரும். ஆஸ்துமாவுக்குத் தியோபிலின் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அதே நொதிதான் தியோபிலினையும் உடைக்கிறது. அது உடலில் ஏறிப்போனதற்கு முதல் அடையாளமே குமட்டலும் வாந்தியும்தான். அங்கே குமட்டல் ஒரு அபாய மணி. ஆன்டிபயாடிக் எழுதும் மருத்துவரிடம் மற்ற மாத்திரைகளின் அட்டைகளையும் காட்ட வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

சேத்துப்பட்டில் நடந்தது

மாத்திரையின் குமட்டலைத் தாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டிய நோய் காசநோய். இந்தச் சிக்கலைப் பற்றி உலகத்துக்குப் பாடம் சொன்ன ஊர்களில் முதன்மையானது சென்னை.

காசநோய் என்றால் சானட்டோரியத்தில் போய்ப் படுக்க வேண்டும் என்றிருந்த காலம். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளை இரண்டு பிரிவாக்கியது. ஒரு பிரிவு சானட்டோரியத்தில், மற்றது அவரவர் வீட்டில். இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்துகள்: ஐசோனியசிட், அதோடு பாஸ் என்று சுருக்கமாகச் சொல்லும் பாரா அமினோ சாலிசிலிக் அமிலம். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடந்த அந்த ஆய்வின் முடிவு 1959இல் வெளிவந்தது. நெருக்கடியான குடியிருப்புகளில், போதிய சாப்பாடுகூட இல்லாமல் வீட்டில் இருந்தபடி மருந்து எடுத்தவர்களும், சானட்டோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகக் குணமானார்கள். உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு வந்ததற்கு இதுவே அடித்தளம். அந்த மையம் இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது.

ஆனால் பாஸ் மருந்து நாளுக்குப் பல கிராம் விழுங்க வேண்டியது. குமட்டலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் பேர்போனது. கொஞ்சம் உடம்பு தேறியதும் நோயாளி அதை நிறுத்திவிடுவது இயல்பு. மருந்தை உண்மையிலேயே எடுக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள, ஆய்வாளர்கள் சிறுநீரில் மருந்தின் தடயத்தைச் சோதித்தார்கள். மருந்து நல்லதா என்பதோடு, அதை மனிதரால் தொடர்ந்து எடுக்க முடியுமா என்பதும் மருத்துவக் கேள்விதான் என்ற தெளிவு இப்படிப் பிறந்தது. பின்னாளில் பாஸ் இருந்த இடத்துக்கு எதாம்பியூட்டால் வந்ததற்கு, அது வயிற்றை அவ்வளவு படுத்தாது என்பது முக்கியக் காரணம்.

இன்றைய காசநோய் மாத்திரைகளில் ரிஃபாம்பிசினும் ஐசோனியசிடும் வெறும் வயிற்றில் நன்றாக உறிஞ்சப்படும். அப்படிப் போட்டுத் தாங்க முடியாத குமட்டல் வந்தால், லேசான உணவுக்குப் பின் போட மருத்துவர் அனுமதிப்பார். உறிஞ்சப்படுவது சற்றுக் குறைவதைவிட, மருந்தே நின்றுபோவது பல மடங்கு கேடு. ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். அது இயல்பு. ஆனால் கண் வெள்ளை மஞ்சளாவது, சோற்றைக் கண்டாலே வெறுப்பு, வலது விலாவுக்குக் கீழே வலி, விடாத வாந்தி ஆகியவை சேர்ந்தால் கல்லீரல் பாதிப்பாக இருக்கலாம். அன்று மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேஸ் மாத்திரை காப்பாற்றுமா?

ஆன்டிபயாடிக் வாங்கும்போது “கூட ஒரு கேஸ் மாத்திரை குடுங்க” என்று நாமே கேட்டு வாங்குகிறோம். இந்தப் பழக்கத்தைப் பற்றி இரண்டு செய்திகள் தெரிந்திருக்க வேண்டும்.

பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்றவை அமிலச் சுரப்பைக் குறைப்பவை. எரிச்சலுக்கு உதவும். மோட்டிலினாலோ கிளாவுலானிக் அமிலத்தாலோ வரும் குமட்டலுக்கும் அமிலத்துக்கும் தொடர்பில்லை. மறுபக்கம், செஃபியூராக்சிம் ஆக்செட்டில், செஃப்போடாக்சிம் மாத்திரைகள் உறிஞ்சப்பட வயிற்றில் அமிலம் தேவை. அமிலத்தை அடக்கினால் மருந்து உடலில் ஏறுவது குறையும். இவ்விரண்டையும் உணவோடு போட்டால் குமட்டலும் குறையும், உறிஞ்சப்படுவதும் கூடும்.

இரண்டாவது செய்தி இன்னும் கனமானது. கடைகளில் விற்கும் கேஸ் மாத்திரைகள் பலவற்றில் டாம்பெரிடோன் என்ற வாந்தித் தடுப்பு மருந்தும் சேர்ந்திருக்கும். எரித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும் டாம்பெரிடோன் உடலைவிட்டு வெளியேறும் வழியை அடைத்துவிடுகின்றன. அளவு ஏறினால் இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையலாம். ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயத் தசை அடுத்த துடிப்புக்குத் தயாராக எடுத்துக்கொள்ளும் நேரம் நீண்டுபோவதுதான் ஆபத்து. இந்தக் கூட்டைச் சேர்க்கவே கூடாது. நல்ல வாந்தித் தடுப்பு மருந்தான ஆன்டான்செட்ரானும், அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின் போன்றவையும் அதே நேரத்தை நீட்டும் இயல்புடையவை. இதய நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் இது பெரிய விஷயம். வாந்தி மாத்திரை வேண்டுமா, எது வேண்டும் என்பதை எழுதிக் கொடுப்பவர் முடிவு செய்யட்டும்.

அடுப்படியில் இருப்பவை

இஞ்சிக்கு உண்மையிலேயே குமட்டலைத் தணிக்கும் குணம் உண்டு. அதிலுள்ள ஜிஞ்சரால் போன்ற பொருட்கள், குடலில் செரோடோனின் செய்தி போய்ச் சேரும் இடத்தைத் தடுக்கின்றன. ஆய்வுகள் பெரும்பாலும் கர்ப்பகாலக் குமட்டலில் நடந்தவை. உணவுக்கு முன் சிறு துண்டு இஞ்சியோ, பாலில்லாத இஞ்சித் தேநீரோ லேசான குமட்டலுக்கு உதவும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறைய இஞ்சி எடுக்க வேண்டாம்.

தயிர் சாப்பிடச் சொல்லும் வழக்கமும் உண்டு. நல்ல பாக்டீரியாக்கள் பற்றிய ஆய்வுகள் காட்டும் பலன் ஆன்டிபயாடிக்கால் வரும் பேதிக்கு. குமட்டலுக்கு இல்லை. தயிர் சாப்பிடலாம், நேரம் பார்த்துச் சாப்பிட வேண்டும். பால், தயிரில் உள்ள கால்சியம், சிப்ரோஃப்ளாக்சசினையும் டெட்ராசைக்ளின் குடும்பத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் ஆன்டாசிட் திரவமும் அப்படியே செய்யும். சிப்ரோஃப்ளாக்சசினை இவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். குமட்டுகிறதே என்று பாலோடு விழுங்கினால் குமட்டல் போகலாம், மருந்தும் வீணாகலாம்.

சாப்பாட்டில் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. இட்லி, இடியாப்பம், குழைந்த ரசம் சோறு, உப்புப் போட்ட கஞ்சி. வயிறு முட்ட மூன்று வேளை என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளையாகப் பிரிக்கலாம். எண்ணெய்ப் பலகாரமும் தாளிப்பு வாசனையும் குமட்டலைக் கிளறும். ஆறிய உணவில் மணம் குறைவு என்பதால் சிலருக்கு அது எளிதாக இறங்கும். சாப்பிட்டவுடன் படுக்க வேண்டாம். வாந்தி எடுத்தால் தண்ணீரையோ ஓ.ஆர்.எஸ். கரைசலையோ மடமடவென்று குடிக்காமல் ஒவ்வொரு வாயாகக் கொடுக்க வேண்டும்.

மாத்திரை போட்டு அரை மணி நேரத்துக்குள் வாந்தியானால் அந்த வேளை மருந்து உள்ளே போகவில்லை என்றே பொருள். மறுபடி கொடுக்கலாமா என்று கேட்டுக் கொடுங்கள். ஒரு மணி நேரம் கடந்திருந்தால் பெரும்பாலும் மறுபடி தேவைப்படாது. எப்படியானாலும் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது.

காத்திருக்கக் கூடாத நேரம்

குமட்டலோடு தோல் தடிப்பு, உதடோ நாக்கோ கண்ணிமையோ வீங்குவது, மூச்சிரைப்பு, தலைசுற்றி மயக்கம் வருவது இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது ஒவ்வாமையாக இருக்கலாம். நிமிடக் கணக்கில் மருத்துவமனை போக வேண்டும். ஒரு நாளைக்குப் பல முறை தண்ணீராகப் பேதி, இரத்தம் கலந்த பேதி, கடும் வயிற்றுவலி வந்தாலும் தாமதிக்கக் கூடாது. ஆன்டிபயாடிக்குக்குப் பின் குடலில் பெருகும் ஒரு கிருமி பெருங்குடலையே புண்ணாக்கும் என்பது 1978இலேயே நிறுவப்பட்ட செய்தி. மருந்து முடிந்து சில வாரம் கழித்தும் அது வரலாம். சர்க்கரை நோயாளிக்குக் குமட்டலோடு வியர்வையும் நடுக்கமும் வந்தால் முதலில் இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். சாப்பாடு இறங்காத நேரத்தில் சர்க்கரை மாத்திரையும் லெவோஃப்ளாக்சசின் போன்ற மருந்தும் சேர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னே ஒரு கேள்வி நிற்கிறது. அந்த ஆன்டிபயாடிக் தேவைதானா? சளி, இருமல், தும்மல், சாதாரணத் தொண்டைக் கரகரப்பு பெரும்பாலும் வைரஸால் வருபவை. அவற்றின்மேல் எந்த ஆன்டிபயாடிக்கும் வேலை செய்யாது. நோயும் தீராமல் குமட்டலை மட்டும் விலை கொடுத்து வாங்குவானேன்? மாத்திரை அட்டையின் பின்புறம் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் எழுதாமல் வாங்கக்கூடாத மருந்து அது. 2016இல் நம் நாட்டில் அந்தக் கோட்டைப் பற்றி மக்களிடம் பிரச்சாரமே நடந்தது.

தேவை என்று மருத்துவர் எழுதிய பிறகு, குமட்டுகிறது என்று நாமாக நிறுத்த வேண்டாம். ‘ஒத்துக்கல’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடவும் வேண்டாம். எந்த மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டீர்கள், அப்போது வயிற்றில் என்ன இருந்தது, எவ்வளவு நேரத்தில் என்ன ஆயிற்று, கூடவே வேறென்ன மாத்திரை எடுக்கிறீர்கள். இந்த ஐந்தையும் சொன்னால் மருத்துவரால் நேரத்தை மாற்ற முடியும், மருந்தை மாற்ற முடியும், நாட்களைக் குறைக்கலாமா என்று பார்க்க முடியும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் வாரத்துக்கு ஒருமுறை அவர்களுடைய மாத்திரை அட்டையை எடுத்துக் காலிக் குழிகளை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்தால் கோபிக்காமல் ஏன் என்று கேளுங்கள்.